வியாபாரப் பொருட்களைப் படமெடுக்க யாரை அமர்த்துவது? கவனிக்க வேண்டியவை

அத்தர், அபாயா, தொழுகை விரிப்பு, தோல் பை, வீட்டில் அரைக்கும் மசாலாப் பொடி என இன்று நமது குடும்பங்களில் கைபேசி வழியாக விற்கப்படாத பொருள் குறைவு. கடையே இல்லாமல் வீட்டிலிருந்தபடி தொழில் நடத்தும் பெண்களும் பெருகியுள்ளனர். கடைக்கு வருபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், அத்தரை முகர்ந்து பார்ப்பார். கைபேசியில் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் பணம் அனுப்புவது படத்தை நம்பித்தான். ஆகவே படமெடுக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு வேறு சிலவற்றையும் நாம் பார்க்க வேண்டியுள்ளது.

தேவையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

படங்கள் எங்கே பயன்படப் போகின்றன என்பதே முதல் கேள்வி. அமேசான் போன்ற தளங்களில் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும். பொருள் படத்தின் பரப்பில் சுமார் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். வாங்குபவர் பெரிதாக்கிப் பார்ப்பதற்குப் படத்தின் நீண்ட பக்கம் குறைந்தது 1000 பிக்சல் இருக்க வேண்டும். படத்தின் மேல் எழுத்தோ முத்திரையோ கூடாது. அச்சுக்கு இந்த அளவு போதாது. ஏ4 தாள் முழுவதும் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2480 x 3508 பிக்சல் தேவை.

எத்தனை பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோணங்கள், வெள்ளைப் பின்னணி மட்டும் போதுமா, வீட்டுச் சூழலில் வைத்தும் எடுக்க வேண்டுமா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசப் போனால், தேவையற்ற செலவு தானாகக் குறையும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைத்திறன்

நிக்காஹ் படங்களை அழகாக எடுப்பவர் அத்தர் குப்பியையும் அப்படியே எடுப்பார் என்று சொல்ல முடியாது. கண்ணாடி, எதிரில் உள்ள அனைத்தையும் பிரதிபலிக்கும். படமெடுப்பவரின் உருவமும் அறையின் விளக்குகளும் குப்பியில் தெரியும். தேர்ந்தவர் ஒளியைப் பின்புறமிருந்து மென்மையாக ஊடுருவ விட்டு, இரு பக்கமும் கறுப்பு அட்டைகளை நிறுத்திக் குப்பியின் விளிம்பை எடுத்துக் காட்டுவார். அப்போதுதான் உள்ளே இருக்கும் அத்தரின் நிறம் சரியாகத் தெரியும்.

கறுப்பு அபாயா வேறு விதமான சோதனை. கேமராவைத் தானியங்கி நிலையில் விட்டால் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். ஒளியைக் குறைத்தாலோ தையலும் மடிப்பும் மறைந்து வெறும் கறுப்புத் திட்டு மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே நிற்கத் தெரிந்தவர் வேண்டும். ஆடையை அணிந்து காட்டப் பெண்களை நிறுத்த விரும்பாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பொம்மைக்கு அணிவித்துப் படமெடுத்து, ஆடையின் உட்புறத்தைத் தனியாக ஒரு படம் எடுத்து, இரண்டையும் இணைத்துப் பொம்மையை நீக்கிவிடுவார்கள். ஆடையின் வடிவம் முழுமையாகத் தெரியும், ஆள் தேவையில்லை. இந்த வேலையைச் செய்து தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லை மாவட்டம் பத்தமடையில் நமது சமுதாயக் குடும்பங்கள் நெய்யும் கோரைப் பாயை நேராக ஒளி பாய்ச்சி எடுத்தால், அச்சடித்த பிளாஸ்டிக் பாயைப் போலத் தட்டையாகத் தெரியும். தாழ்ந்த பக்கவாட்டு ஒளியில்தான் நெசவின் மேடுபள்ளம் புலப்படும். மிக நுண்ணிய நெசவில், பாயில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தோன்றுவதும் உண்டு. தூரத்தையும் கோணத்தையும் மாற்றி அதைச் சரிசெய்வார்கள்.

ஆகவே மாதிரி கேட்கும்போது, 'உங்களது சிறந்த படங்களைக் காட்டுங்கள்' என்பதைவிட, 'எங்கள் பொருளைப் போன்ற ஒன்றை எடுத்த படங்களைக் காட்டுங்கள்' என்று கேட்பதே பயன் தரும்.

நிறம் சரியாக இருக்கிறதா?

ஆடை திரும்பி வருவதற்கு நிற வேறுபாடும் ஒரு காரணம். சாம்பல் நிற அட்டை அல்லது நிற அட்டவணை ஒன்றைப் பொருளோடு வைத்து முதல் படம் எடுத்து, அதை வைத்துப் பிற படங்களின் நிறத்தைச் சரிசெய்வது இத்தொழிலில் உள்ள முறை. அப்படிச் செய்கிறார்களா என்று கேளுங்கள். படங்கள் கைக்கு வந்ததும், பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பொருளை வைத்து, இரண்டு மூன்று கைபேசிகளில் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கைபேசிக்குக் கைபேசி சிறு வேறுபாடு இருக்கும். மெரூன் சிவப்பாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

மெருகேற்றுவதற்கு எல்லை எது?

ஆட்டின் மடியைச் சில நாட்கள் கறக்காமல் விட்டு, பால் மிகுந்ததாகக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. அங்கே விற்றவர் நாவால் பொய் சொல்லவில்லை, தோற்றத்தால் சொன்னார். படத்தில் நிகழ்வதும் இதுவாக இருக்கலாம்.

தூசியை, கைரேகையை, பின்னணிச் சுருக்கத்தை நீக்குவதில் தவறில்லை. அவை பொருளைச் சேர்ந்தவை அல்ல. துணியின் நிறத்தைக் கூட்டுவது, கல்லின் கீறலை அழிப்பது, மங்கிய ஜரிகையை மின்னச் செய்வது ஆகியவை குறையை மறைப்பதில் சேரும். 3 மில்லி குப்பியைத் தனியாக எடுத்தால் பெரிய குப்பியாகத் தோன்றும். கையில் வைத்து எடுத்த படம் ஒன்றையும் அளவையும் சேர்த்துவிட்டால் ஐயம் தீரும். செயற்கை நுண்ணறிவு கொண்டு பின்னணியை உருவாக்கித் தருபவர்கள் பொருளின் பூவேலையையும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாமலே விற்பது செல்லாது என்பது ஷாஃபி மத்ஹபில் வலுவான கருத்து. தன்மைகளைத் தெளிவாக வரையறுத்து, முழு விலையையும் முன்கூட்டியே பெறும் 'ஸலம்' முறைக்கு அங்கே இடமுண்டு. இரண்டிலும் வாங்குபவரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்ள விற்பவருக்கு அனுமதி இல்லை. நாட்டின் சட்டமும் இதையொட்டியே உள்ளது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது.

கூலியும் ஒப்பந்தமும்

வேலையும் கூலியும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும் என்பது இஜாராவின் அடிப்படை. சிலர் படத்துக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் பொருளுக்கு, சிலர் நாளுக்கு. எந்தக் கணக்கானாலும் ஒரு படத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கீழ்க்கண்டவற்றை எழுத்தில் பெறுங்கள்:

- திருத்த வேலை கூலியில் அடங்குமா, எத்தனை முறை?
- படம் சரியில்லையென்றால் மீண்டும் எடுப்பார்களா?
- எந்தத் தேதியில், எந்த அளவில் தருவார்கள்? வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். மூலக் கோப்பாகவே கேளுங்கள்.
- பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ பொறுப்பு யாருடையது?
- படங்களின் உரிமை யாருக்கு?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17இன்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஆடையை அணிந்து நிற்பவர் யாராவது இருந்தால், படம் எங்கெல்லாம் வரும் என்பதைச் சொல்லி அவரிடமும் எழுத்தில் சம்மதம் பெறுவது கடமை.

முதலில் சிறிய சோதனை

நூறு பொருட்களை ஒரே நேரத்தில் ஒப்படைக்காதீர்கள். எடுப்பதற்குக் கடினமான இரண்டு பொருட்களைக் கொடுத்து, அதற்குரிய கூலியையும் கொடுத்துப் பாருங்கள். கறுப்பு அபாயாவும் கண்ணாடிக் குப்பியும் நன்றாக வந்தால் மற்றவை கடினமாக இராது. சொன்ன நாளில் தருகிறாரா, பொருளைக் கவனமாகக் கையாள்கிறாரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாறு பொருட்களோடு தொடங்குபவர்கள் கடன் வாங்கிப் படமெடுக்க வேண்டியதில்லை. வெயில் நேராக விழாத ஜன்னலோரம் ஒரு வெள்ளைச் சார்ட் தாளை வளைத்து வைத்து, எதிர்ப்புறம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தி, கைபேசியை அசையாமல் பொருத்தி எடுத்தாலே தொடக்கத்துக்குப் போதும். விற்பனை வளர்ந்த பிறகு வருமானத்திலிருந்தே தொழில்முறைக் கலைஞரை அமர்த்திக்கொள்ளலாம்.

பார்சலைப் பிரிக்கும் வாடிக்கையாளர், படத்தில் கண்டதையே கையிலும் காண வேண்டும். அந்த நம்பிக்கையைக் காப்பவரையே படமெடுக்க அமர்த்துவோம். நமது வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.