பண்டிகைத் தபால் தலைகள்: ஒரு வரலாற்று நோக்கு

சென்ற ஆண்டு விழா நாளன்று நம் சங்கக் கூடத்தின் ஒரு மூலையில் சிறுவர் சிறுமியர் சிலர் தங்கள் தபால் தலை ஆல்பங்களைப் பரப்பி வைத்திருந்ததை அன்பர்கள் பலர் கண்டிருப்பர். அங்கே சிறு வழக்கு ஒன்று எழுந்தது. வெளிநாட்டுத் தபால் தலை ஒன்றில் தாயும் சேயும் அமைந்த பழைய ஓவியம் அச்சிடப்பட்டிருந்தது. நாட்டின் பெயரும் விலையும் அன்றி வேறெழுத்து அதில் இல்லை. அதனை ஓவியப் பக்கத்தில் ஒட்டுவதா, கிறிஸ்துமஸ் பக்கத்தில் ஒட்டுவதா என்பதே வழக்கு. நடுவராக அழைக்கப்பட்ட நாம் உடனே விடை கூற இயலாது நின்றோம். அதன்பின் இப்பொருள் பற்றி அறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

தபால் தலை சேகரிப்போர்க்கு வழிகாட்டிகளாக விளங்குவன பட்டியல் நூல்கள். ஆங்கில நாட்டு ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியல் 1865-லும், அமெரிக்காவின் ஸ்காட் பட்டியல் 1868-லும் தோன்றின. இவை நாடுவாரியாகவும், ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பெரும்பாலும் கால வரிசையாகவும் தபால் தலைகளை அடுக்குகின்றன. பறவை, புகைவண்டி, பண்டிகை என்று பொருள்வாரியாகச் சேர்க்கும் முறை பின்னரே வலுப்பெற்றது. அம்முறையினர்க்கான அமெரிக்கச் சங்கம் 1949-இல் நிறுவப்பெற்றது. பொருள்வாரியாகச் சேர்க்கப் புகுந்தவுடன்தான், பண்டிகைத் தபால் தலை என்பது யாது என்ற வினா பிறந்தது. படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா, வெளியிட்டதன் நோக்கத்தைப் பார்ப்பதா?

இவ்வினாவின் கடினத்தைக் காட்டுவது கனடா நாடு 1898 டிசம்பரில் வெளியிட்ட இரண்டு சென்ட் தபால் தலை. அதில் உலகப் படம் ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் அதில் சிவப்பாகத் தீட்டப்பட்டுள்ளன. கீழே கிறிஸ்துமஸ் 1898 என்னும் பொருள்படும் எழுத்துக்கள் உள்ளன. ஆனால் அது பண்டிகையை வாழ்த்த வெளியிடப்பட்டதன்று. அப்பேரரசினுள் குறைந்த கட்டணத்தில் கடிதம் அனுப்பும் திட்டம் அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கியது. அந்நாளைக் குறிப்பதே அதன் கருத்து. அது எந்த இளவரசரின் பெருமைக்காக என விக்டோரியா அரசியார் வினவியதாகவும், அமைதியின் இளவரசராகிய இயேசுவுக்காக என அதிகாரி ஒருவர் சமாளித்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானது, சான்று இல்லை. ஆகவே எழுத்தைக் கொண்டு முடிவு செய்வோர் இதனை உலகின் முதல் கிறிஸ்துமஸ் தபால் தலை என்பர். நோக்கத்தைக் கொண்டு முடிவு செய்வோர் இதனை மறுப்பர். கனடா அப்பண்டிகைக்கென்றே தபால் தலைகளை வெளியிட்டது 1964-இல்தான்.

இதற்கு நேர் மாறானது ஆஸ்திரியா 1937 டிசம்பரில் வெளியிட்ட இரண்டு தபால் தலைகள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து மடல்களுக்கென்றே அவை வெளியிடப்பட்டன. ஆயினும் அவற்றில் காணப்படுவது ரோஜா மலரும், சுற்றிலும் பன்னிரு இராசிகளின் சின்னங்களுமே. படத்தை மட்டும் பார்ப்பவன் இதனை மலர்ப் பக்கத்தில் ஒட்டிவிடுவான். பிரேசில் 1939-இல் மூன்று அரசரும் விண்மீனும் போன்ற காட்சிகளுடன் நான்கு தபால் தலைகள் வெளியிட்டது. படமும் பண்டிகைக்குரியது, நோக்கமும் அதுவே. ஆனால் அவை கட்டணத்தோடு அறச்செயலுக்கான நன்கொடையும் சேர்த்து விற்கப்பட்டமையால், ஸ்காட் பட்டியல் அத்தகையவற்றைப் பொதுத் தபால் தலைகளினின்று பிரித்துத் தனி வரிசையில் வைக்கிறது.

அறச்செயல் என்றவுடன் மற்றொன்றையும் கூற வேண்டும். டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்னும் தபால் ஊழியர், பண்டிகைக் காலத்தில் மலைபோற் குவியும் கடிதங்களைக் கண்டு, ஒவ்வொன்றிலும் சிறு வில்லை ஒன்றை ஒட்டச் செய்தால் காசநோயுற்ற குழந்தைகளுக்கு நிதி சேருமே என்று எண்ணினார். 1904-இல் அவ்வெண்ணம் நிறைவேறியது. 1907-இல் அமெரிக்காவில் எமிலி பிசெல் என்னும் அம்மையார் அதனைப் பின்பற்றினார். நம் நாட்டிலும் பள்ளிகளில் விற்கப்பட்ட டி.பி. வில்லைகளை நம்மில் பலர் வாங்கியிருப்போம். பார்வைக்கு இவை தபால் தலை போன்றனவே. ஆனால் இவற்றால் கடிதம் ஓர் அடியும் நகராது. ஆதலின் சேகரிப்போர் இவற்றைத் தபால் தலை வரிசையில் சேர்ப்பதில்லை; தனி ஏட்டில் வைப்பர்.

ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் வந்தபின் வகைகள் மேலும் பெருகின. ஜப்பான் 1936-ஆம் ஆண்டின் புத்தாண்டுக்காக பியூஜி மலையின் படத்துடன் ஒரு தபால் தலையை வெளியிட்டது. அது விற்பனைக்கு வந்தது 1935 டிசம்பரில். பட்டியல் அதனை 1935-இன் கீழ் வைக்கும். பண்டிகை சேகரிப்போன் 1936 என்று எழுதிக்கொள்வான். இஸ்ரேல் 1948 முதற்கொண்டு யூதப் புத்தாண்டுத் தபால் தலைகளை வெளியிட்டு வந்துள்ளது. அவற்றின் கீழே எழுத்துக்கள் பொறித்த வால் போன்ற தாள் ஒன்று இணைந்திருக்கும். அவ்வால் கிழியாதிருந்தால் மதிப்பு மிகுதி. ஆஸ்திரேலியா 1957-லும், அமெரிக்கா 1962-லும், பிரிட்டன் 1966-லும் கிறிஸ்துமஸ் வரிசைகளைத் தொடங்கின. அமெரிக்காவில் முதலில் அச்சிட்ட 35 கோடியும் போதாமல் மேலும் அச்சிட நேர்ந்தது.

ஒரே படமுள்ள தபால் தலையும் சேகரிப்போர்க்குப் பலவாகும். அமெரிக்காவில் 1969-இல், வேலைப் பளுவைக் குறைக்க, நான்கு நகரங்களில் மட்டும் ஊர்ப் பெயரை முன்னரே தபால் தலைமீது அச்சிட்டு விற்றனர். அவ்வூர்ப் பெயர் உள்ளதும் இல்லாததும் வெவ்வேறு வகைகள். 1974-இல் நீர் தடவாமலே ஒட்டும் தபால் தலை ஒன்றைச் சோதித்தனர். காலப்போக்கில் அதன் பசையே தாளைக் கறைப்படுத்திற்று. கறையற்றது கிடைத்தல் இன்று அரிது.

பட்டியலைப் புரட்டுங்கால் மற்றோர் உண்மையும் புலப்படும். எப்பண்டிகைக்கு ஓர் அரசு தபால் தலை வெளியிடுகிறதோ, அதனைக் கொண்டாடும் மக்களைத் தன் வீட்டார் என அது ஏற்கிறது. சிங்கப்பூர் 1971-லேயே சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, தீபாவளி, கிறிஸ்துமஸ் நான்கையும் ஒரே வரிசையில் வைத்தது. அமெரிக்கா 1996-இல் யூதரின் ஹனுக்காவுக்கும், 2001-இல் ஈத் பெருநாளுக்கும், 2016-இல் தீபாவளிக்கும் இடமளித்தது. நம் இந்திய அஞ்சல் துறை 2008-இல் தீபாவளி, தசரா முதலியவற்றுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தபால் தலைகள் வெளியிட்டது. 2017-இல் கனடாவோடு இணைந்து தீபாவளித் தபால் தலை வெளியிட்டது.

அங்ஙனமாயின் நம் பெற்றோர் ஊரிலிருந்து அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்களுக்கு ஆல்பத்தில் இடம் எங்கே? அவை மூடாத உறையில் புக் போஸ்டாக, சாதாரணத் தபால் தலை ஒட்டி வந்தவை. படமும் பண்டிகையன்று, எழுத்தும் அன்று, வெளியிட்ட நோக்கமும் அன்று. ஆயினும் சேகரிப்போர் இவற்றுக்கும் ஒரு வகை வைத்துள்ளனர். வழங்கிய வழக்கத்தால் பண்டிகைக்குரியவை என்பதே அது. தை பிறப்பதற்கு இரண்டொரு நாள் முன் விழுந்த வட்ட முத்திரையும், அனுப்பிய ஊரின் பெயரும், உள்ளிருக்கும் கரும்பும் பானையும் வரைந்த அட்டையுமே அதற்குச் சான்று. தபால் தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தால் அச்சான்று அழிந்தது. எஞ்சுவது யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு தாளே.

வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். பட்டியலில் தேடியபோது, அத்தபால் தலை ஓவியக் கண்காட்சி ஒன்றுக்காக மே மாதத்தில் வெளியிடப்பட்டது என்று தெரிந்தது. ஓவியப் பக்கமே அதற்குரிய இடம். தோற்ற சிறுவன் சிறிதும் வருந்தவில்லை. தன் பாட்டனார் அனுப்பிய பொங்கல் வாழ்த்து உறைகள் பழைய டிரங்குப் பெட்டியில் கட்டாகக் கிடக்கின்றன என்றும், மறுநாளே அவற்றை ஊறவைக்க இருந்ததாகவும் கூறினான். இப்போது அவை உறையோடும் முத்திரையோடும் அவனுடைய ஆல்பத்தின் முதற் பக்கங்களில் உள்ளன. நம் குடியிருப்பில் இன்னும் எத்தனையோ வீடுகளின் பெட்டிகளில் அத்தகைய கட்டுக்கள் இருத்தல் கூடும். அன்பர்கள் அவற்றைப் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.