மரத்த காலுக்கு முதல் மருந்து

மாதக்கணக்கில் ஆறாத கால்புண்ணை ஆய்வகத்தில் வளர்த்த தோலால் மூடலாம் என்று கேள்விப்படும் எவருக்கும், பிரச்சினை தீர்ந்தது என்றே தோன்றும். வேலூர் வட்டாரத்தின் மருத்துவ வரலாறு அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்ளாது. லாங் பஜாரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சி.எம்.சி. மருத்துவமனையிலும், பாலாற்றுக்கு அக்கரையில் உள்ள கரிகிரியிலும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு விடை கிடைத்தது. புண்ணை ஆறவிடாமல் செய்வது அந்த இடத்தில் ஓயாமல் விழும் அழுத்தம். அதை விலக்காமல் மேலே எந்தத் தோலை வைத்தாலும் நிலைக்காது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். தொழுநோயாளிகளின் சதை தானாகவே அழுகுகிறது, அவர்களுக்குப் புண் ஆறாது என்று அன்று மருத்துவர்களே நம்பினார்கள். பல மருத்துவமனைகள் அவர்களை உள்ளே சேர்க்கவும் மறுத்தன. பிராண்ட் கண்டது வேறு. நோயாளியைப் படுக்க வைத்துக் காலுக்கு ஓய்வு கொடுத்தால் அவருடைய புண்ணும் மற்றவர் புண்ணைப் போலவே ஆறியது. எழுந்து நடந்ததும் திரும்ப வந்தது. நல்ல நரம்புள்ளவர் கால் நொந்தால் நொண்டுவார், அந்த நொண்டலே புண்ணைக் காப்பாற்றும். தொழுநோயால் நரம்பு செத்தவர் புண்ணின் மேலேயே மிதித்து நடக்கிறார். ஆனால் பிழைப்பு உள்ளவரை மாதக்கணக்கில் படுக்கையில் வைக்க முடியுமா? மாவுக்கட்டு அதற்கு வழிசெய்தது. உள்ளங்கால் முழுவதும் ஒட்டினாற்போல் கட்டு போட்டால், உடல் எடை ஒரே புள்ளியில் விழாமல் பரவும். நடந்துகொண்டே புண் ஆறும். இது பிராண்ட் ஒருவரின் கண்டுபிடிப்பு அன்று. ஜோசப் கான் 1930களிலேயே இந்தியாவில் இதைச் செய்து எழுதினார். கொழும்பில் மில்ராய் பால் கையாண்டார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கும் இந்தக் கட்டு பொருந்துவதைக் காட்டினார். இன்று உலகெங்கும் அந்தப் புண்ணுக்குச் சிறந்த சிகிச்சைகளில் ஒன்றாக அது வைக்கப்படுகிறது.

ஆறிய காலைக் காப்பது அடுத்த வேலை. 1955இல் தொடங்கிய கரிகிரி ஷிஃப்ளின் மையத்தின் பட்டறையில் உருவான எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர்ச் செருப்பில், மெத்தென்ற அந்த ரப்பர் மேலேயும் உறுதியான அடி கீழேயும் இருக்கும். ஆணி அடிக்க மாட்டார்கள், பசைதான். மரத்த காலில் ஆணி ஏறினால் அணிந்தவருக்கே தெரியாது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அயல்நாட்டாருக்கு ஷூ தைத்து அனுப்பும் இதே வட்டாரத்தில், ஒரு செருப்பு மருந்தாகவே வேலை செய்தது. எனக்கு இதைவிடப் பெருமையான தோல் தொழில் வரலாறு தெரியவில்லை.

ஆய்வகத் தோலுக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு உண்டு. பதனிட்ட மாட்டுத்தோலின் சாரமான கொலாஜன் என்ற புரதமே அதற்கும் தளம். அந்தப் புரதம் மூன்று புரியாக முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினார்கள். அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற அப்லிகிராஃப், மாட்டுக் கொலாஜனில் மனிதத் தோல் செல்களை வளர்த்துச் செய்யப்படுவது. அதன் சோதனை எண்களைக் கவனியுங்கள். சிரை நோயால் வந்த கால்புண் ஆறு மாதத்தில் முழுதும் ஆறியவர்கள் இந்தத் தோல் வைத்தோரில் 63 சதவீதம், வைக்காதோரில் 49 சதவீதம். இரு தரப்புக்கும் அழுத்துக்கட்டு போடப்பட்டது. புதிய தோலின் பங்கு மெய்யானது; ஆனால் அது இல்லாமலே பாதிப்பேர் ஆறியிருக்கிறார்கள்.

தொழுநோய்ப் புண்ணில் கற்றதைச் சர்க்கரை நோய்க்கும் சிரை நோய்க்கும் நீட்டலாமா என்று கேட்கலாம். சர்க்கரை நோயிலும் நரம்பு செத்துத்தான் கால் மரக்கிறது, அங்கே தடையில்லை. சிரைப் புண் வேறு வகை, உண்மைதான். அங்கே கெடுப்பது வெளியிலிருந்து மிதிபடும் அழுத்தம் இல்லை; சிரையில் தேங்கும் இரத்தம் உள்ளிருந்து தரும் அழுத்தம். அதனால் கட்டின் வகை மாறுகிறது, காரணத்தை முதலில் நீக்கும் முறை மாறவில்லை. இரத்தக்குழாய் அடைத்த காலுக்கு இந்த இரண்டு கட்டும் போதாது, அடைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏழைக்குச் செருப்பு, பணக்காரருக்குப் புதுத்தோல் என்று ஆகிவிடாதா என்ற கேள்வி இன்னும் கனமானது. காரணத்தை நீக்கியும் மூடாத புண்ணுக்குப் புதுத்தோல் யாருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் கட்டும் செருப்பும் கிடைக்காதவருக்கு விலையுயர்ந்த தோலை மட்டும் வைப்பது பணத்தையும் நாளையும் வீணாக்குவது.

எம்.சி.ஆர். செருப்புக்கு ஒரு பெரும் குறை உண்டு: பார்த்தவுடன் தொழுநோயாளி என்று காட்டிக்கொடுத்ததால் பலர் அதை அணிய மறுத்தார்கள். சாதாரணச் செருப்பின் தோற்றத்தில் அதே ரப்பரை வைத்துத் தைப்பது ஆம்பூர்க் கைகளுக்குப் பெரிய வித்தையில்லை. லாங் பஜாரின் ஒவ்வொரு செருப்புக் கடையிலும் அது தொங்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் புண் வரும்வரை காத்திராமல் இன்றே செருப்பை மாற்றுங்கள். இரவில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.