தனித்து வந்த அயலவர்

புதிய பங்கில் பொறுப்பேற்கும் குருவின் உள்ளத்தில், 'இவ்வூரை நாம் மாற்றிவிடுவோம்' என்னும் எண்ணம் ஒளிந்திருப்பதுண்டு. நம் உள்ளத்திலும் அது பலமுறை குடியிருந்தது. அவ்வெண்ணத்தை உலுக்கிய நூல், ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் சூசாகு எண்டோ 1966இல் வெளியிட்ட 'மௌனம்' என்னும் புதினம்.

கதை நிகழ்வது 17ஆம் நூற்றாண்டில். வேதகலாபனை உச்சத்தில் இருந்தபோது, ரொட்ரிகஸ் என்னும் போர்த்துக்கீசியக் குரு, தம் தோழர் ஒருவரோடு மறைவாக ஜப்பானில் கரையிறங்குகிறார். மேய்ப்பரற்ற அம்மக்களுக்குத் தாமே துணை என்று எண்ணுகிறார். நிகழ்ந்ததோ வேறு. அவர் மறுதலிக்கும்வரை ஏழை உழவர்கள் பள்ளத்தில் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்ற நிலையில், கிறிஸ்துவின் திருவுருவத்தை அவர் மிதிக்கிறார். அவருக்கு முன்பே மறுதலித்த ஃபெரைரா என்னும் குரு, ஜப்பான் ஒரு சதுப்பு நிலம், அங்கு நட்ட செடியின் வேர் அழுகிவிடும் என வாதிடுகிறார். வாசகர் பலர் இதனையே நூலின் தீர்ப்பாகக் கொள்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை.

ஃபெரைரா கற்பனை மாந்தர் அல்லர். ஜப்பானில் இயேசு சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர், 1633 அக்டோபரில் நாகசாகியில் பள்ளத்தில் தொங்கவிடப்பட்டு, சில மணி நேரத்தில் மறுதலித்தார். அவரோடு தொங்கவிடப்பட்டவர்களுள் ஒருவர், ஜப்பானியக் குருவான ஜூலியன் நகவுரா. இளமையில் தூதுக்குழுவில் உரோமை சென்று, 1585இல் திருத்தந்தையைக் கண்டவர். அவர் மறுதலிக்காமலே மடிந்தார். 2008இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். ஃபெரைராவை இகழ நமக்கு உரிமையில்லை; அப்பள்ளத்தில் நாம் தொங்கியதில்லை. ஆயினும் அம்மண்ணில் வேர் அழுகவில்லை என்பதற்கு அருகில் தொங்கியவரே சான்று.

அந்நாட்டில் திருமறையை முதலில் அறிவித்த புனித சவேரியாரும் தனித்துச் செல்லவில்லை. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, மன்றாட்டுகளைத் தமிழாக்க உள்ளூராரின் துணையை நாடியவர் அவர். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தியவர். 1549இல் ககோஷிமாவில் இறங்கியபோதும், மலாக்காவில் அறிமுகமான அஞ்ஜிரோ என்னும் ஜப்பானியர் உடனிருந்தார். அஞ்ஜிரோவின் மொழிபெயர்ப்பை நம்பிக் கடவுளைக் குறிக்கப் புத்த சமயப் பெயர் ஒன்றைச் சிறிது காலம் வழங்கி, பின்னர் அதைக் கைவிட நேர்ந்தது உண்மையே. துணையோடு செய்த பிழை அது. துணையின்றியோ வாயே திறந்திருக்க முடியாது.

1644இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஊருக்கு ஒருவர் திருநாள்களைக் கணக்கிட்டார். ஒருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். ஒருவர் வீடுவீடாகச் செய்தி கொண்டு சென்றார். எல்லாரும் உழவரும் மீனவரும்தாம்.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாக எழுந்த ஓவுரா கோவிலில் பிரெஞ்சுக் குருவான பெத்திஜான் செபித்துக்கொண்டிருந்தார். உராகாமி ஊரிலிருந்து வந்த பதினைந்து பேரளவிலான கூட்டத்தில் ஒரு பெண் நெருங்கி, தங்கள் உள்ளமும் அவருடையதும் ஒன்றே எனத் தாழ்குரலில் கூறி, மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். பின்னர் வந்தோர், அவர் மணமாகாதவரா, உரோமையின் தலைவரை ஏற்பவரா என்றும் வினவினர். அயலவரான அந்தக் குரு உண்மையான குருதானா என்று, அவ்வூர் மக்கள் சோதித்துப் பார்த்தனர்.