ராஜதானியும் நிலமும்: ஆந்திரத்தின் இரு பிரிவினைகளில் தலைநகர் அமைப்பு

ஒரு மாநிலம் இரண்டாகப் பிரியும்போது கடனையும் ஆற்று நீரையும் உத்தியோகஸ்தர்களையும் பங்கிடுவதற்கு ஏதேனும் ஒரு விகிதாசாரம் கிடைத்துவிடுகிறது. தலைநகரமோ பங்கிட இயலாத சொத்தாக நின்று, அதை இழந்த பகுதியினரைப் புதிதாக ஒன்றை நிர்மாணிக்கும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாக்குகிறது. 1953இல் சென்னை ராஜ்யத்திலிருந்து தான் பிரிந்தபோதும், 2014இல் தெலங்கானா தன்னிடமிருந்து பிரிந்தபோதும் இந்நிலைக்கு ஆளானது ஆந்திரம். முதல் பிரிவினையில் பிரதேசங்களுக்கு இடையேயான உடன்படிக்கையாக இருந்த தலைநகரம், இரண்டாவதில் அரசாங்கத்துக்கும் குடியானவனுக்கும் இடையேயான ஒப்பந்தமாக மாறியது என்பதே இக்கட்டுரையின் துணிபு. நிலக்கரிக் கழகத்துக்காக நிலம் எடுக்கப்பட்ட நெய்வேலியின் நகரியத்தை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரிலிருந்து இவ்வரலாற்றை ஆராய்பவருக்கு, தலைநகரம் அமைவது யாருடைய நிலத்தில் என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

உடன்படிக்கையின் தொடக்கம் சென்னையிலேயே ஆயிற்று. காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலுவின் ‘ஸ்ரீபாக்’ இல்லத்தில் 1937 நவம்பர் 16 அன்று கூடிய தலைவர்கள், கடலோர மாவட்டங்களின் மேலாதிக்கத்துக்கு அஞ்சிய ராயலசீமையின் ஐயத்தைப் போக்கும்பொருட்டு, தலைநகரம், உயர்நீதிமன்றம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை அப்பகுதிக்கு அளித்தார்கள். அந்நாளில் ஆந்திரர் பலருடைய மனத்தில் சென்னையே தலைநகரமாக இருந்தது. ஜவாஹர்லால், வல்லபபாய், பட்டாபி ஆகிய மூவர் குழு, சென்னை நகரின் மீதான உரிமையைக் கைவிட்டால் ஆந்திர மாகாணம் அமையலாமென்று 1949இல் கூறியும் வழக்குத் தீரவில்லை. 1952 டிசம்பர் 15 அன்று மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தபின், சென்னை நகரம் நீங்கலான ஆந்திர ராஜ்யத்தை நேரு அறிவித்தார். தற்காலிகமாகவேனும் ஆந்திரத் தலைநகரம் சென்னையில் இருத்தலாகாது என்பதில் ராஜாஜி உறுதியாக நின்றார், ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் நகரெங்கும் கிளர்ச்சி நடத்தியது.

ஆகவே 1953 அக்டோபர் 1 அன்று பிரகாசம் பந்துலுவின் மந்திரிசபை கர்நூலில் பதவியேற்றது. கட்டடங்கள் போதாமையால் அலுவலகங்கள் பல கூடாரங்களில் நடந்தன. உயர்நீதிமன்றம் 1954இல் குண்டூரில் அமைந்தது. பொருள்வளமற்ற அவ்வேற்பாட்டில் ஒரு கண்ணியம் இருந்ததென்றே கருதுகிறேன்: கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது, அதற்காகப் பெருநிலப்பரப்பு எதுவும் பயிரிடுவோர் கையிலிருந்து போகவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தலைநகரம் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது.

2014ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டம், பத்து ஆண்டுகளுக்கு மிகாமல் ஹைதராபாத் பொதுத் தலைநகரமாக இருக்குமென்றும், புதிய தலைநகரத்துக்கான இடத்தை நிபுணர் குழு ஆராயுமென்றும் விதித்தது. சிவராமகிருஷ்ணன் தலைமையிலான அக்குழு, அரசு ஸ்தாபனங்களைப் பல ஊர்களில் பரவலாக அமைக்கவும், விஜயவாடா–குண்டூர் வட்டாரத்தின் வளமான வேளாண் நிலத்தை அழிக்காதிருக்கவும் யோசனை கூறியது. சில தினங்களிலேயே விஜயவாடாவின் அருகில் தலைநகரம் அமையுமென்று அரசு அறிவித்தது. கிருஷ்ணையின் கரையில் வாழையும் காய்கறியும் பூவும் ஆண்டு முழுதும் விளையும் ‘ஜரீபு’ நிலங்கள் அந்த 217 சதுர கிலோமீட்டர் தலைநகரப் பரப்புக்குள் அடங்கின.

நிலத்தை விலைகொடுத்து எடுக்காமல், உடைமையாளரின் சம்மதத்தோடு தொகுத்து, பின்னர் மனையாகத் திருப்பித் தரும் முறை கையாளப்பட்டது. ஒரு ஏக்கர் புன்செய் கொடுத்தவருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கஜம் வணிக மனையும். ஜரீபு நிலத்துக்கு வணிக மனை 450 சதுர கஜம். இவற்றோடு பத்தாண்டுகளுக்கு ஏக்கருக்கு முறையே 30,000, 50,000 ரூபாயில் தொடங்கி ஆண்டுதோறும் பத்து விழுக்காடு உயரும் தொகை. இவ்வாறு முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. 2015 அக்டோபர் 22 அன்று அமராவதி என்ற அப்புதிய தலைநகரத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

நெய்வேலியில் நடந்தது வேறு. 1956இல் நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது முதல், பணமும் வேலைவாய்ப்பும் ஈடாகப் பேசப்பட்டு நிலம் எடுக்கப்பட்டது. எண்ணிட்ட வட்டங்களாக நிழல்மரச் சாலைகளோடு எழுந்த நகரியத்தில், நிலம் கொடுத்தவர் என்ற முறையில் எவருக்கும் பங்கில்லை. எடுப்புக்கும் பயன்பாட்டுக்கும் இடைப்பட்ட காலம் எத்தகைய துயரம் விளைவிக்குமென்பதை 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் கண்டோம்: பல்லாண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டும் உழவர்கள் பயிரிட்டுவந்த வயல்களில், நெற்பயிர் நிற்கையிலேயே வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. சட்டப்படி நிலம் கழகத்துடையது, பயிர் உழவனுடையது.

அமராவதியிலும் அந்த இடைக்காலமே சோதனையாயிற்று. ஆட்சி மாறியபின், 2019 டிசம்பரில் விசாகப்பட்டினம், கர்நூல், அமராவதி என மூன்று தலைநகரங்கள் என்ற கருத்து சட்டசபையில் கூறப்பட்டு, 2020இல் சட்டமாயிற்று. கர்நூலுக்கு உயர்நீதிமன்றம் என்பது ஸ்ரீபாக் உடன்படிக்கையின் நியாயமே. பழைய வாக்கைக் காக்கப் புகுந்தவர்கள் புதிய வாக்கை முறிக்க நேர்ந்தது இவ்வரலாற்றின் வேதனையான முடிச்சு. நிலம் கொடுத்தோர், பெண்கள் முன்னிற்க, ஆண்டுக்கணக்கில் போராடினர். சட்டம் 2021 நவம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022 மார்ச் 3 அன்று ஆந்திர உயர்நீதிமன்றம், குடியானவர்களோடு செய்த ஒப்பந்தம் அரசைக் கட்டுப்படுத்துமென்றும், வளர்ச்சியுற்ற மனைகளை மூன்று மாதங்களில் அளிக்கவேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. அதன் காலக்கெடுவை அவ்வாண்டே உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024இல் ஆட்சி மீண்டும் மாற, 2025 மே 2 அன்று பணிகள் மறுபடி தொடங்கிவைக்கப்பட்டன.

உடைமையாளரின் உரிமைக்கு நீதிமன்றத்தில் வழி கிடைத்தது, அவர் கையில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தமையால். அதே வயல்களில் நாற்று நட்டும் பூப்பறித்தும் பிழைத்த நிலமற்ற குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை விதிக்கப்பட்டது. எழப்போகும் நகரில் உடைமையாளருக்குப் போல மனைப் பங்கு அவர்களுக்குக் குறிக்கப்படவில்லை.