கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டி

பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் நான் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்தபோது ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. பழைய கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, அவ்வளவுதான். பதவி போன வருத்தம் அவருக்கு. முகம் கொடுத்துப் பேசாமல் பெட்டியைக் காலால் என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார். தலையாரிதான் திறந்தார். சிவப்புத் துணி மூட்டைகள், அவற்றின் இடுக்கில் காய்ந்த வேப்பிலை. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு, மடிப்பு ஓரங்களில் நைந்துபோன கிராம வரைபடம்.

1980 நவம்பர் 14ஆம் தேதி கணக்குப்பிள்ளையான கர்ணம், மணியம் பதவிகளை அரசு அவசரச் சட்டம் போட்டு ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் அரசு பக்கம் தீர்ப்பாயிற்று. வாரிசு உரிமை சட்டப்படி முன்பே போயிருந்தாலும், நடப்பில் அப்பாவுக்குப் பிறகு மகன் என்றேதான் ஊர்க் கணக்கு கைமாறியது. யாருக்கு எவ்வளவு நிலம் என்பது ஒரு வீட்டுச் சாவியில் இருந்தது. அந்தச் சாவி பிடுங்கப்பட்டது நல்லதுக்குத்தான். பிடுங்காவிட்டால் எங்கள் வீட்டில் ஒருவன் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்க முடியாது.

பதிவேட்டில் என்னைக் கவர்ந்தது ௸ என்ற குறி. 'மேற்படி' என்று எழுதச் சோம்பல்பட்டு, ஒரே பட்டாதாரரின் புலங்களுக்கு எதிரே பக்கம் முழுக்க அதையே போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். எந்தப் பக்கத்தில் ௸ அதிகமோ அவர்தான் ஊரில் பெரிய குடியானவர். படிக்காமலே தெரிந்துவிடும்.

புலத்துக்குப் புலம் அளந்து, குடியானவன் பேரில் தீர்வை போடும் இந்த முறைக்குப் பிள்ளையார் சுழி போட்டதே எங்கள் பாராமகால் சீமைதான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற பட்டாளத்துக்காரர் வந்தார். அவருக்குக் கீழே தருமபுரிப் பக்கத்தைப் பார்த்தவர் தாமஸ் மன்றோ, பிற்பாடு சென்னை கவர்னர் ஆனவர். ரயத்துவாரி என்ற இந்த முறை இங்கே பழகிப் பார்க்கப்பட்டுத்தான் ராஜதானி எங்கும் போயிற்று. அவர்கள் காலத்துக் கடிதங்களும் குறிப்புகளும் 'பாராமகால் ஆவணங்கள்' என்று 1907 முதல் பகுதி பகுதியாக அச்சாயின. ஓய்வு பெற்ற பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தப் புத்தகங்களைப் புரட்டினேன். அங்கே சத்தமே இல்லை. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம் வாசலில் இருபது வருஷம் சண்டை கேட்டுப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் அசௌகரியம்தான்.

எழும்பூருக்கு ஆராய்ச்சிக்காரர் போகிறார். ரெக்கார்டு ரூமுக்குப் பங்காளிச் சண்டைக்காரர் வருகிறார். நகல் மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக்கொடுத்து ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். செட்டில்மென்ட் பதிவேட்டில் அவர் மாமனார் பெயரைப் படித்தேன். "இன்னொரு வாட்டி படி சாமி" என்றார். எத்தனை சென்ட் என்று கேட்கவே இல்லை.

ஊர் மறந்ததையும் பதிவேடு வைத்திருக்கும். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய அகல ரயில்பாதை வந்தது. 1913இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. இரண்டாம் உலகப்போர் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பழைய பதிவேட்டில் மட்டும் வாலைப்போல நீளமான ஒரு புலம், 'இரயில்வே' என்ற குறிப்போடு கிடந்தது. அதன்மேல் உழுதுகொண்டிருந்தவருக்கு அதைக் காட்டியபோது, "ரயிலா? எங்கே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இந்தப் பதிவேடுகளும் சாசுவதம் இல்லை. ஓர் அலுவலகத்தில் கூரை ஒழுகி, முப்பது வருஷத்து அடங்கல் அடை மாதிரி ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கத்தியால் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்துக்கு வந்துவிட்டது.

காகிதத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கல்தான் பதிவேடு. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நடுகல் நட்டு, வட்டெழுத்தில் பேரும் அரசன் ஆட்சியாண்டும் வெட்டினார்கள். எழுத்து மறந்துபோன ஜனங்கள் அவனை வேடியப்பன் ஆக்கி எண்ணெய் பூசிக் கும்பிட்டார்கள். அப்படிப்பட்ட கற்களில் சில இப்போது தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. மாட்டை மீட்டவனுக்குக் கல் உண்டு, மேய்த்தவனுக்கு இல்லை. அடங்கலும் அப்படித்தான். பெட்டி கைக்கு வந்த முதல் வாரமே எங்கள் தாத்தா பெயரைத் தேடினேன். அவர் உழாத காடு அந்த ஊரில் இல்லை. பெயர் எங்கும் இல்லை, ஏனென்றால் எல்லாம் அடுத்தவர் நிலம்.

1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1987இல் முடிந்தபோது ஏக்கர் ஹெக்டேராயிற்று. மூட்டைகள் தாலுகா ஆபீசுக்குப் போயின. காலிப் பெட்டி என் வசம் நின்றது. ஒப்படைப்புப் பட்டியலில் கணக்குகள்தான் இருந்தன, பெட்டி இல்லை. அது கணக்குப்பிள்ளையின் சொந்தப் பெட்டி. பல வருஷம் கழித்து அவர் பேரன் டிவிஎஸ் வண்டியில் வந்து கேட்டான். கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தேன். கேழ்வரகு விதை போட்டு வைத்திருப்பதாகப் பிறகு சொன்னான்.