பாம்பு ஏன் கடித்தது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளெல்லாம் ஓய்ந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கை மகனோடு பாம்பும் ஏணியும் ஆட உட்கார்ந்தேன். காய்களுக்குப் பதில், அவன் அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பித்தான்கள். தொண்ணூற்றெட்டாம் கட்டத்தில் பையனைப் பாம்பு கடித்துவிட்டது.

"மாமா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? எதுக்கு அது என்னைக் கடிக்கோணும்?" என்றான், அழுகை முட்ட.

எனக்குப் பதில் தெரியவில்லை. என் அம்மிச்சிக்குத் தெரிந்திருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில், வீரராகவப் பெருமாள் கோவிலில் சொர்க்கவாசல் திறக்கும்வரை கண் விழிப்பதற்காக, பரமபத சோபானப் படத்தை விரித்து உட்காருவாள் அவள். பரமபத சோபானம் என்றால் வைகுண்டத்துக்கு ஏறும் படிக்கட்டு. அதில் ஏணி என்பது புண்ணியம். பாம்பு என்பது பாபம். கடிபட்டவனைப் பார்த்து, "என்ன பாவம் பண்ணுனயோ, சாமி!" என்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் தாயக்கட்டையை மெல்ல உருட்டுவோம்.

வடக்கே இதே ஆட்டத்துக்கு ஞான சௌபர் என்று பெயர். ஜைனர்களும் வைஷ்ணவர்களும் சூபிகளும் தத்தம் மோட்சத்தை உச்சியில் எழுதி வைத்துக்கொண்டார்கள். பழைய படங்களில் பெரும்பாலும் பாம்புகள் அதிகம், ஏணிகள் குறைவு. பரமபதம் அவ்வளவு மலிவா என்ன?

1890-களில் இது இங்கிலாந்தில் கடைச்சரக்காயிற்று. வெள்ளைக்காரர்கள் ஏணிக்கும் பாம்புக்கும் எண்ணிக்கையைச் சமமாக்கினார்கள். மோட்சம் போயிற்று, சிக்கனமும் உழைப்பும் ஏணிகளாக வந்தன, சோம்பல் பாம்பாயிற்று. உழைத்தால் உயர்வு, சோம்பினால் வறுமை! (எங்கள் ஊரில் விற்க அதுதான் பொருத்தமான அட்டை.) பிறகு அந்த எழுத்துக்களும் உதிர்ந்து வெறும் எண்கள் மிஞ்சின. அமெரிக்காவில் 1943-ல் மில்டன் பிராட்லி கம்பெனி, குழந்தைகள் பயப்படுமே என்று பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது.

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் லூடோ. 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த ஆட்டமும் நம் பச்சீசியின் பிள்ளைதான். அக்பரின் பதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அதன் கட்டங்கள் கல்லிலேயே இருக்கின்றன. இரண்டு பக்கமும் நம் வீட்டுச் சொத்து. நாம் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறோம்.

அது போகட்டும் என்று பையனிடம் பேனாவைக் கொடுத்து, "ஒவ்வொரு பாம்புக்கும் நீயே ஒரு தப்பு எழுது, கண்ணு" என்றேன். முதல் பாம்பின் பக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்:

"மாமா ரெண்டு கட்டம் சேத்தி நகத்துனது."