எல்லை கடந்த மணமும் மனைவியின் குடியுரிமையும்

எல்லை கடந்த மணம் என்பது இரு வேறு நாட்டுக் குடிகள் செய்துகொள்ளும் திருமணமாகும். இதில் வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணின் தங்கும் உரிமை, வீடு, பிள்ளைகளின் குடியுரிமை ஆகிய மூன்றும் கணவனைச் சார்ந்தே அமைவதால், மணம் முறிந்தால் மூன்றும் ஒருசேர ஆட்டங்காண்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கு முதன்மைச் சான்று இந்தியரை மணந்த இலங்கைத் தமிழ்ப் பெண்கள் ஆவர். திண்டுக்கல் மாவட்டத்திலும் தோட்டனூத்து முதலிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன.

இச்சிக்கலின் வேர் இலங்கைச் சட்டத்தில் உள்ளது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வம்சாவழிக் குடியுரிமையைத் தந்தைவழியில் மட்டுமே வழங்கியது. தாய்வழி உரிமை 2003-இல்தான் வந்தது. இந்திய வம்சாவழியினரான மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பதிவுவழிக் குடிகளாக ஏற்க இயற்றப்பட்ட 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றதோடு, மனைவியும் மணமான ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து அங்கேயே வசித்திருக்க வேண்டும் என்று விதித்ததால், மனைவியை இந்தியாவிலுள்ள சொந்த ஊரில் விட்டுச் சென்ற தொழிலாளியின் விண்ணப்பம் அவள் பெயராலேயே தள்ளப்படலாயிற்று. இவ்வாறு நாடற்றவரானோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவுசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974-இல் உடன்பாடு கண்டன. ஆட்களை எண்ணிப் பங்கிட்ட இவ்வுடன்பாடுகள் உறவுகளைக் கணக்கில் கொள்ளவில்லை.

இந்தியச் சட்டம் தொடக்கத்தில் தாராளமாகவே இருந்தது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி இந்தியரை மணந்த பெண், வசிப்புக்கால நிபந்தனையின்றிப் பதிவுவழிக் குடியுரிமை பெறலாம். 1986-இல் ஐந்தாண்டு வசிப்பும், 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏழாண்டு வசிப்பும் கட்டாயமாயின. அத்துடன், உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்தவரான ‘சட்டவிரோதக் குடியேறி’க்குப் பதிவு வாயிலே அடைக்கப்பட்டது. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்தவர்கள் இவ்வரையறைக்குள் அகப்பட்டனர். இந்தியருக்கு வாழ்க்கைப்பட்டு எத்தனை ஆண்டு குடும்பம் நடத்தினாலும் அவ்வாறு வந்த பெண் அயல்நாட்டவராகவே எண்ணப்படுகிறார்.

2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் பிறப்புவழிக் குடியுரிமை இல்லை என்பதால், ஒரே தாயின் மூத்த பிள்ளை இந்தியராகவும் இளைய பிள்ளை அயலாராகவும் அமைய நேர்கிறது. இலங்கைக் குடிகள் ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க இயலாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே அவர்களுக்கு உண்டு. எனவே வீடு கணவன் பெயரிலேயே நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் குடியுரிமை பாராமல் எந்தப் பெண்ணுக்கும் பொருந்துமாயினும், தன் தங்கும் உரிமை பற்றிய அச்சமுடைய பெண் காவல் நிலையப் படியேறுவது அரிது.

அண்மைக் காலத்தில், அகதிகள் முகாம்கள் 2021-இல் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டனையிலிருந்து இந்திய அரசின் 2025 செப்டம்பர் ஆணை விலக்களித்தது. ஆயினும், 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.